பேறு, கடன், தெரிவு: பிற்பட்ட வயதில் பெற்றோராதல் குறித்துப் புறநானூற்றையும் மாதொருபாகனையும் முன்வைத்து ஒரு வாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

வயது முதிர்ந்தபின் அல்லது மணவாழ்வின் பல ஆண்டுகள் கழிந்தபின் பெற்றோராவதா என்னும் வினா, இன்று மருத்துவமும் சட்டமும் சார்ந்த வினாவாகக் கருதப்படுகிறது. எனினும் அவ்வினாவின் அடிப்படைக் கூறுகளைத் தமிழ் இலக்கியம் நெடுங்காலத்திற்கு முன்பே எதிர்கொண்டுள்ளது. புறநானூற்றில் கோப்பெருஞ்சோழனையும் அவனோடு தொடர்புடைய புலவர்களையும் சார்ந்த பாடல்கள் மக்கட்பேற்றை முதுமையோடும் இறப்போடும் இணைத்துப் பேசுகின்றன. திருக்குறளின் மக்கட்பேறு அதிகாரமும் அதன் உரைகளும் அப்பேற்றைக் கடனாகவும் இன்பமாகவும் இருவகையில் விளக்குகின்றன. பெருமாள்முருகனின் மாதொருபாகன் நாவல், அம்முடிவு உரியவர்களின் கையை விட்டுச் சுற்றத்தாரின் கைக்குச் செல்வதைக் காட்டுகிறது. இம்மூன்றையும் இணைத்து நோக்கும் இக்கட்டுரை, பிற்பட்ட வயதில் பெற்றோராதலின் மையச் சிக்கல் ‘பிறப்பு நிகழுமா’ என்பதில் இல்லை, ‘பிறந்தபின் யார் உடனிருப்பார்’ என்பதிலேயே உள்ளது என நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: மக்கட்பேறு, பொத்தியார், கோப்பெருஞ்சோழன், பரிமேலழகர், மாதொருபாகன், முதுமை, தத்தெடுப்பு.

முன்னுரை

தமிழில் குழந்தை பிறத்தலைக் குறிக்கும் வினை ‘பெறுதல்’ என்பதாகும். பரிசிலைப் பெறுவதற்கும் வரத்தைப் பெறுவதற்கும் பிள்ளையைப் பெறுவதற்கும் மொழி ஒரே வினையை வைத்திருக்கிறது. பெற்றோர், பேறு, மகப்பேறு, பேறுகாலம் ஆகிய சொற்கள் யாவும் அவ்வினையின் வழிவந்தவை. பெறுதல் என்பதில் கொடுப்பவர் ஒருவர் உண்டு. பெறுபவர் வேண்டலாம், காத்திருக்கலாம், கிடைத்தபோது மகிழலாம். பெறுவதா வேண்டாவா என்று எண்ணிப் பார்க்கும் இடம் அச்சொல்லில் குறைவு.

ஆனால் எண்ணிப் பார்க்கவேண்டிய நிலை இன்று பலருக்கு உண்டாகியுள்ளது. கல்வி, பணி, காலந்தாழ்ந்த திருமணம், மறுமணம், நீண்ட மருத்துவம் ஆகியவற்றால் நாற்பதை ஒட்டியும் அதற்கு அப்பாலும் ‘இனி வேண்டுமா’ என்று கேட்டுக்கொள்ளும் இணையர் உள்ளனர். இவ்வினா ‘ஏன் இன்னும் இல்லை’ என்னும் பழைய வினாவிலிருந்து வேறுபட்டது. பழைய வினாவை ஊர் கேட்கும். புதிய வினாவை இருவர் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். முன்னதற்கு விடை உடற்குறையிலோ ஊழிலோ தேடப்படும். பின்னதற்கு விடை எஞ்சிய வாழ்நாளின் அளவையும் அதைச் செலவிடும் வகையையும் பொறுத்தது.

மாதொருபாகனைச் சூழ்ந்த பொதுவிவாதம், 2014இன் இறுதியில் எழுந்த எதிர்ப்பாலும் 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பாலும், பெரிதும் கருத்துரிமை சார்ந்ததாக அமைந்தது. கோப்பெருஞ்சோழன் தொடர்பான பாடல்களோ நட்பின் இலக்கணமாகவே வகுப்பறைகளில் பயிற்றப்படுகின்றன. இவ்விரு வாசிப்புகளும் தத்தம் அளவில் சரியானவையே. எனினும் அவற்றுள் பெற்றோராதல் குறித்து நடக்கும் வாதம் பின்னுக்குத் தள்ளப்பட்டுவிட்டது. அவ்வாதத்தை மீட்டெடுப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடனும் காரணமும்

சங்கப் பாடல்களில் மக்கட்பேறு இருவகையில் பேசப்படுகிறது. முதலாவது கடன் என்னும் நோக்கு. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய பாடலில் (புறம். 9), போர் தொடங்குமுன் பாதுகாப்பான இடத்திற்குச் செல்ல அறிவுறுத்தப்படுவோருள், முன்னோர்க்கு இறுதிக்கடன் ஆற்றும் புதல்வரைப் பெறாதவரும் ஒரு வகையினராக இடம்பெறுகின்றனர். பசு, பார்ப்பார், பெண்டிர், பிணியாளர் ஆகியோரோடு அவர்கள் வைத்து எண்ணப்படுகின்றனர். மகன் இல்லாதவன் இன்னும் இறக்கத் தகுதி பெறாதவன் என்பதே இதன் உட்பொருள். அவன் ஒரு கடனாளி. கடனைத் தீர்க்குமுன் அவன் உயிரை வாங்குதல் அறமன்று.

இரண்டாவது இன்பம் என்னும் நோக்கு. பாண்டியன் அறிவுடைநம்பியின் பாடல் (புறம். 188) இதற்குச் சான்று. பலரோடு உண்ணும் பெருஞ்செல்வம் உடையவராயினும், குறுநடை நடந்து, கை நீட்டி, நெய்ச்சோற்றைத் தொட்டும் கவ்வியும் துழாவியும் உடலெங்கும் சிதறியும் மயக்கும் குழந்தை இல்லாதவர்க்கு வாழ்நாளால் பயன் இல்லை என்கிறான் அரசன். இங்கு முன்னோர் இல்லை, மறுமை இல்லை, குலம், வழிவழி உரிமை எவையும் இல்லை. உண்கலத்தைக் கலைக்கும் ஒரு சிறுகை மட்டுமே உண்டு.

இவ்விரு நோக்குகளுக்கும் இடையிலான வேறுபாடு தெரிவு பற்றிய ஆய்வுக்கு அடிப்படையானது. கடனை எடைபோட முடியாது. இருந்தால் தீர்க்க வேண்டும். இன்பமோ ஒரு காரணம். காரணத்தை எதிர்க்காரணத்தோடு வைத்து எடைபோடலாம். அறிவுடைநம்பியின் கூற்று மிகக் கடுமையானதுதான். குழந்தை இல்லாதவர் வாழ்நாளையே பயனற்றது என்று அது முடிக்கிறது. ஆயினும் ஏன் என்பதை அது சொல்லிவிடுகிறது. காரணம் சொல்லப்பட்ட இடத்தில் மறுப்புக்கும் இடம் பிறக்கிறது.

திருக்குறளின் ஏழாம் அதிகாரத்தில் இவ்விரு நோக்குகளும் மூலத்திலும் உரையிலுமாகப் பிரிந்து நிற்கின்றன. குழவியின் மெய் தீண்டலையும், சிறுகை அளாவிய கூழையும், மழலையையும் வள்ளுவர் அடுத்தடுத்துப் பேசுவது அறிவுடைநம்பியின் பாடலோடு நெருங்கிய உறவுடையது. மணக்குடவர் அவ்வதிகாரத்தை ‘மக்கட்பேறு’ என்று வழங்க, பரிமேலழகர் ‘புதல்வரைப் பெறுதல்’ என்று பெயரிடுகிறார். பெயர் மாறியதோடு பொருளும் குறுகுகிறது. இருபிறப்பாளர் மூவர்க்கும் உரிய மூன்று கடன்களுள் தென்புலத்தார் கடன் புதல்வரைப் பெறுதலாலன்றித் தீராது என்பதை அதிகாரத்தின் முகப்பிலேயே பரிமேலழகர் நிறுத்துகிறார். குறள்களில் வருவன குழந்தையின் கையும் வாயும் அறிவும் பண்பும். உரையின் வாயிலில் நிற்பதோ நீத்தார்க்கு ஆற்றும் கடன். ஒரு பிரிவினர்க்கே உரியதாகத் தாமே வரையறுத்த கடனை அனைவர்க்கும் பொதுவான அதிகாரத்தின் திறவுகோலாக அவர் ஆக்கியது, எடைபோடத்தக்க காரணத்தை மீண்டும் எடைபோட முடியாத கடனாக மாற்றியது எனலாம்.

வளர்ந்த மக்கள்

அறிவுடைநம்பி காட்டும் குழந்தை வளர்வதே இல்லை. நெய்ச்சோற்றைச் சிதறும் பருவத்திலேயே அது பாடலில் நிலைத்துவிடுகிறது. பெற்றோராதல் பற்றிய ஆசை பெரும்பாலும் இவ்வாறே ஒரு பருவத்தில் உறைந்து நிற்கும். பிற்பட்ட வயதில் முடிவெடுப்போர்க்கு இவ்வுறைநிலை போதாது. குழந்தைக்கு இருபது வயதாகும்போது தமக்கு எத்தனை வயதிருக்கும் என்பதை அவர்கள் எண்ணியாக வேண்டும். புறநானூறு அக்கணக்கையும் காட்டுகிறது.

கோப்பெருஞ்சோழனின் மக்கள் வளர்ந்தவர்கள். தந்தையோடு போரிட வந்தவர்கள். சினந்து அவர்மேல் எழுந்த சோழனைப் புல்லாற்றூர் எயிற்றியனார் தடுத்துப் பாடிய பாடல் (புறம். 213) ஒரு கூர்மையான வாதத்தை முன்வைக்கிறது. எதிர்த்து வந்தவர் நின் பழம்பகைவர் அல்லர். நீ புகழெய்தி மறைந்தபின் இவ்வரசு அவர்க்கே உரியது. அவர்களை நீ வென்றால் இதை யாருக்கு விட்டுச்செல்வாய்? நீ தோற்றாலோ பகைவர் மகிழ்வர். புலவர் தந்தையன்பைச் சுட்டி இரக்கவில்லை. மகன் என்பவன் தந்தையின் இறப்புக்குப் பின் வருபவன் என்னும் கால உண்மையை நினைவூட்டுகிறார். பெற்றோராதல் என்பது தான் இல்லாத உலகை இன்னொருவர்க்கு ஒப்படைக்க இசைதல் என்பதே அவ்வாதத்தின் அடித்தளம்.

இதன்பின் வடக்கிருந்த கோப்பெருஞ்சோழன் பாடிய பாடல் (புறம். 214) கருதத்தக்கது. நல்வினையின் பயனாக மனிதனுக்கு எஞ்சுவன எவை என்று அவன் வரிசைப்படுத்துகிறான். மேலுலக நுகர்ச்சி கிட்டலாம். அஃதில்லையேல் மறுபிறப்பு இல்லாமை கூடலாம். அதுவும் இல்லையேல் இமயம் போல உயர்ந்த புகழேனும் நிற்கும். இப்பட்டியலில் மக்கள் இல்லை. மக்களைப் பெற்று வளர்த்த ஒருவன் தன் வாழ்வின் இறுதிக்கணக்கை முடிக்கும்போது அவர்களை வரவில் எழுதவில்லை.

இவ்வட்டத்தின் மூன்றாம் குரல் பிசிராந்தையாருடையது. அறிவுடைநம்பிக்கு அறவுரை கூறியவரும் (புறம். 184) கோப்பெருஞ்சோழனுக்கு உயிர்த்துணையானவரும் அவரே. ஆண்டுகள் பல ஆகியும் நரை இல்லாதது எவ்வாறு என்ற வினாவுக்கு அவர் கூறும் விடையில் (புறம். 191) முதற்காரணம் மாண்புடைய மனைவியும் அறிவு நிரம்பிய மக்களுமே. ஏவலர், வேந்தன், ஊர்ச்சான்றோர் எல்லாம் அடுத்து வருகின்றனர். அறிவுடைநம்பி பேசியது மக்களின் குழந்தைமையை. பிசிராந்தையார் பேசுவது அவர்களின் நிறைவை. முன்னதில் பெற்றோர் தருபவர். பின்னதில் அவர்கள் கவலை நீங்கியவர்.

இம்மூவரையும் இணைத்து நோக்கின் பெற்றோர் நிலையின் மூன்று பருவங்கள் புலனாகின்றன. குழந்தையின் சிறுகையில் மயங்கும் பருவம் ஒன்று. வளர்ந்த மகனோடு முரணும் பருவம் ஒன்று. மக்கள் நிரம்பியதால் முதுமையின் சுமை நீங்கும் பருவம் ஒன்று. எப்பருவமும் மற்றொன்றிற்கு உறுதி அளிப்பதில்லை. முதற்பருவத்தின் இனிமையை மட்டும் கொண்டு முடிவெடுப்பவர் மற்ற இரண்டையும் அறியாமலே ஏற்றுக்கொள்கிறார்.

பொத்தியாரின் காத்திருப்பு

சோழனோடு வடக்கிருந்து உயிர்விட விரும்பியவர் இருவர். நேரில் காணாமலே நட்புக் கொண்ட பிசிராந்தையார் வந்தார். அவரை யாரும் தடுக்கவில்லை. அருகிலேயே இருந்த பொத்தியாரோ தடுக்கப்பட்டார். இருவரிடையே அன்பில் குறைவு இருந்ததாகப் பாடல்கள் காட்டவில்லை. வேறுபாடு இல்லறத்தில் இருந்தது. பிசிராந்தையாரின் மக்கள் நிரம்பியவர்கள். பொத்தியாரின் மனைவியோ கருவுற்றிருந்தாள். நிழல்போல் நீங்காத அவள் புதல்வனைப் பெற்றபின் வருமாறு பணித்து, சோழன் அவரைத் திருப்பியனுப்பினான். மகன் பிறந்தபின் பொத்தியார் மீண்டு வந்தபோது அங்கே இருந்தது நடுகல். தம்மை அன்று விலக்கியவனை அன்பில்லாதவன் எனக் கடிந்து, தமக்குரிய இடம் எது என்று அவர் அக்கல்லைக் கேட்கிறார் (புறம். 222). நடுகல் இடம் தந்ததாக அடுத்த பாடல் (புறம். 223) கூறும்.

சோழனின் ஆணைக்கு என்ன பொருள்? இருவகையாகக் கொள்ள இடமுண்டு. கடன் நோக்கில், புதல்வன் இல்லாதவன் இறத்தல் தகாது. ஆகவே பிறப்பு நிகழும்வரை காத்திரு என்பது பொருள். நெட்டிமையாரின் பாடலில் மகனில்லாதவர் போரிலிருந்து விலக்கப்பட்டதைப் போலவே பொத்தியார் வடக்கிருத்தலிலிருந்து விலக்கப்பட்டார். பரிவு நோக்கில், கருவுற்ற மனைவியைத் தனியே விட்டு வராதே என்பது பொருள். அவளை நிழலினும் நீங்காதவள் எனச் சுட்டியது இப்பொருளுக்கு வலுச்சேர்க்கிறது.

ஆனால் இரண்டாம் பொருளைக் கொண்டால் உடனே ஒரு வினா எழுகிறது. மனைவியின் பொருட்டுத் திரும்பியவர், மகன் பிறந்தபின் அவ்விருவரையும் விட்டு வந்தது எவ்வாறு பொருந்தும்? கருவிலிருந்தபோது தேவைப்பட்ட தந்தை பிறந்தபின் தேவைப்படவில்லையா? கடன் நோக்கில் பிறப்பு ஒரு முடிவு; அதனோடு கணக்குத் தீர்ந்தது. பரிவு நோக்கில் பிறப்பு ஒரு தொடக்கம். பொத்தியாரின் மீள்வருகை முதல் நோக்கில் மட்டுமே முரணின்றி நிற்கிறது. மகனைப் பற்றியோ அவன் தாயைப் பற்றியோ அதன்பின் ஒரு சொல்லும் இல்லை. நட்பின் பெருமைக்குச் சான்றாகப் போற்றப்படும் இப்பாடலுக்கு வெளியே, தந்தையின்றி வளரவேண்டிய ஒரு குழந்தை நிற்கிறது.

இம்முடிவை அக்கால வழக்கம் என்று எளிதில் கடந்துவிட முடியாது. தந்தையின் பொறுப்பு பிறப்போடு முடிவதில்லை என்பதை அதே தொகையும் அதன் பின்வந்த அறநூலும் அறிந்திருந்தன. பொன்முடியாரின் பாடல் (புறம். 312) ஈன்று புறந்தருதலைத் தாய்க்கும், சான்றோனாக்குதலைத் தந்தைக்கும் கடனாக வகுத்தது. சான்றோனாக்குதல் ஒருநாளில் முடியும் வினை அன்று. வள்ளுவரும், மகனை அவையில் முந்தியிருக்கச் செய்தலே தந்தை ஆற்றும் நன்றி என்றார். இவ்விடங்களில் கடன் என்னும் சொல்லே திசை மாறுகிறது. முன்னோர்க்குப் பட்டிருந்த கடன் இங்கே பிள்ளைக்குப் பட்ட கடனாகிறது. முதற்கடன் பிறப்பால் தீரும். இரண்டாம் கடன் பிறப்பால் தொடங்கும். பொத்தியார் முதற்கடனைத் தீர்த்தார். இரண்டாம் கடனைத் தொடங்கிய இடத்திலேயே விட்டார்.

பொத்தியாரின் வயதைப் பாடல் கூறவில்லை. அதைக் கருதவும் தேவையில்லை. தம் வாழ்நாள் முடியப்போவதை அறிந்துகொண்டே தந்தையாகும் ஒருவரின் நிலை இங்கு உள்ளது. பிற்பட்ட வயதில் பெற்றோராக எண்ணுவோரின் நிலையும் அளவில் வேறுபட்டாலும் தன்மையில் அதுவே. எஞ்சிய காலம் குறைவு என்பதை அறிந்தபின் ஒரு குழந்தையை உலகுக்குக் கொணர்தல் தகுமா என்னும் வினாவை இப்பாடல் விடையின்றி விட்டுச்செல்கிறது.

வேண்டாமை என்னும் விடை

பெறுதலைத் தெரிவாக மாற்ற, பெறாமலிருத்தலும் தகுதியான விடையாக ஏற்கப்பட வேண்டும். மறுக்க இயலாத ஒன்றைத் தெரிவு எனக் கூற இயலாது. தமிழ்ப் பொதுச்சிந்தனையில் இவ்விடையை வெளிப்படையாக முன்வைத்தவர் பெரியார். குடி அரசு இதழில் வெளிவந்து ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் இடம்பெற்ற கர்ப்பத்தடை பற்றிய எழுத்தில், உடல்நலத்தையோ நாட்டின் வறுமையையோ காரணமாகக் காட்டிக் கருத்தடையை ஆதரித்தோரிடமிருந்து அவர் விலகி நின்றார். பெண்ணின் விடுதலையே அவருக்குக் காரணம். பிள்ளைப்பேறு பெண்ணைக் கட்டிவைக்கும் தளையாக இருக்குமானால் அதை மறுக்கும் உரிமை அவளுக்கு வேண்டும் என்பது அவர் வாதம்.

இவ்வாதத்தின் வன்மை அதன் முழுமையில் உள்ளது. அதன் எல்லையும் அங்கேயே உள்ளது. மறுக்கும் பெண்ணுக்கு அது அரணாகிறது. விரும்பியும் தயங்குகின்ற, காலம் குறைந்துவரும் நிலையில் இரண்டையும் எடைபோடுகின்ற பெண்ணுக்கு அது வழியைத் திறந்துவிடுகிறதேயன்றி வழி காட்டுவதில்லை. ஆயினும் அவ்வழி திறக்கப்படாவிடில் என்ன நேரும் என்பதற்கு மாதொருபாகன் சான்றாகிறது.

கைமாறிய முடிவு

2010இல் வெளிவந்த மாதொருபாகன், திருச்செங்கோட்டுப் பகுதியில் விடுதலைக்கு முற்பட்ட காலத்தில் வாழ்ந்த காளி, பொன்னா இணையரின் கதை. மணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியும் குழந்தை இல்லை. வயதில் இவர்கள் முதியவர் அல்லர். ஆயினும் மணமான மறுமாதமே கேள்வி தொடங்கிவிடும் ஊரில் பன்னிரண்டு ஆண்டு என்பது ஒரு முதுமை. மாமனார் வீட்டில் காளி நட்ட பூவரசு பெருமரமாகிக் கிளைபரப்பி நிற்கும் காட்சியோடு நாவல் தொடங்குகிறது. ஆண்டுகளை எண்ணிச் சொல்லாமலே காலத்தின் அளவை அம்மரம் காட்டிவிடுகிறது. நட்டது வளர்ந்தது என்பதையும், அவர்கள் வாழ்வில் வளராததையும் அது ஒருங்கே சொல்கிறது.

இவ்விருவரும் குழந்தை இல்லாமையால் மட்டும் துன்புற்றவர் அல்லர் என்பது நாவலின் நுண்மை. அவர்களிடையே குறையாத காமமும் அன்பும் உண்டு. காளி மறுமணத்தை மறுக்கிறான். தொண்டுப்பட்டியும் ஆடுமாடுகளும் அவனுக்கு ஒரு முழு உலகம். குழந்தையின்மை அவர்களைத் தாக்குவது ஊரின் வாய்வழியாகவே. பொன்னா மீது ஏறும் ‘வறடி’ என்னும் பட்டமும், சொத்து யாருக்கு என்னும் பேச்சும் அவர்களின் நாட்களை அரிக்கின்றன. மலையில் வறடிக்கல்லைச் சுற்றும் இடர் மிகுந்த வேண்டுதலையும் பொன்னா செய்து முடிக்கிறாள். இவ்வளவுக்கும் இடையில் ஒரு வினா மட்டும் இருவரிடையே கேட்கப்படாமல் இருக்கிறது. ஊர் இல்லாதிருந்தால் நமக்குக் குழந்தை வேண்டுமா?

அவ்வினாவை எழுப்பும் ஒரே பாத்திரம் நல்லுப்பையன் சித்தப்பா. திருமணம் செய்யாமல் தன் போக்கில் வாழும் அவர், பிள்ளை எதற்கு என்று கேட்கத் துணிந்தவர். அவர் ஆண் என்பதும் தனியர் என்பதும் தற்செயல் அல்ல. அவ்வினாவைக் கேட்டும் ஊரில் வாழ அவருக்கு முடிகிறது. பொன்னாவுக்கு அவ்வினா வாய்க்கவே இல்லை. பெரியார் திறந்த வழி அவள் வாழும் ஊரை வந்தடையவில்லை.

தேர்த்திருவிழாவின் பதினான்காம் நாள் இரவில் பொன்னாவை அனுப்புவது என்னும் முடிவு எவ்வாறு உருவாகிறது என்பதை நாவல் பொறுமையாகக் காட்டுகிறது. அதைத் தொடங்குவோர் இருவரின் தாயரும் பொன்னாவின் அண்ணன் முத்துவும். காளி மறுக்கிறான். எனினும் பொன்னாவிடம் அவன் கேட்டுப் பார்க்கிறான். அவன் விருப்பம் அதுவானால் போவேன் என்னும் பொருளில் அவள் விடை அமைகிறது. அது நிபந்தனையோடு கூடிய விடை. காளியின் காதில் நிபந்தனை விழவில்லை. ஒப்புதல் மட்டும் விழுந்தது. அடுத்த ஆண்டு, காளி இசைந்துவிட்டான் என்று பொன்னாவை நம்பவைத்து அழைத்துச் செல்கின்றனர். இங்கு இருவரின் இசைவும் இடையாட்கள் வழியே கடத்தப்படுகிறது, கடத்தப்படும்போது திரிகிறது. குழந்தை குறித்து எல்லாரும் முடிவெடுத்துவிட்டனர். முடிவுக்குரிய இருவர் மட்டும் ஒன்றாக அமர்ந்து முடிவெடுக்கவில்லை.

நாவலின் பேரழிவுக்குக் காரணமாக மரபையோ கற்புக் கோட்பாட்டையோ மட்டும் காட்டுதல் போதாது. மனைவி அந்நியனோடு கூடினாள் என்பதைக் காட்டிலும், தன்னைக் கேளாமல் அவள் போனாள் என்னும் எண்ணமே காளியை முறிக்கிறது. அவ்வெண்ணமும் பொய்யானது. பேச வேண்டிய இருவர் பேசாததன் விலையை நாவல் எழுதிக்காட்டுகிறது.

2014இல் வெளிவந்த இரு தொடர்ச்சிகள் இவ்வாசிப்பை மேலும் வலுப்படுத்துகின்றன. ஆலவாயனில் காளி இறந்துவிடுகிறான், அர்த்தநாரியில் பிழைத்துக்கொள்கிறான். இரண்டிலும் பொன்னா கருவுறுகிறாள். ஒரே தொடக்கத்திற்கு இரு முடிவுகள் தந்த ஆசிரியர், குழந்தையின் வரவை இரண்டிலும் மாற்றவில்லை. மாறுவது யார் உடனிருக்கிறார் என்பதே. ஒன்றில் கணவன் இல்லை. மற்றொன்றில் இருந்தும் பேசாமையால் இல்லாதவனாகிறான். பன்னிரண்டு ஆண்டுகளாக ‘பிறக்குமா’ என்று கேட்ட ஊர், பிறக்கப்போகும் குழந்தைக்கு யார் இருப்பார் என்று முன்கூட்டிக் கேட்கவில்லை. பொத்தியாரின் பாடல் பேசாது விட்ட வெற்றிடத்தை இவ்விரு நாவல்களும் தாயின் பக்கம் நின்று நிரப்புகின்றன.

எண்ணாக எழுதப்பட்ட வயது

இலக்கியம் உருவகமாகப் பேசிய எஞ்சிய காலத்தை இன்றைய சட்டம் எண்ணாக எழுதியுள்ளது. 2021ஆம் ஆண்டின் உதவிபெறும் இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம், அச்சேவையைப் பெறும் பெண்ணுக்கு 21 முதல் 50 வரையும் ஆணுக்கு 21 முதல் 55 வரையும் வயதெல்லை வகுக்கிறது. அதே ஆண்டின் வாடகைத்தாய்ச் சட்டம் இணையரில் பெண்ணுக்கு 23 முதல் 50, ஆணுக்கு 26 முதல் 55 என்கிறது. இவ்விரண்டிலும் எல்லை ஒரு கோடு. கோட்டுக்கு இப்பால் இசைவு, அப்பால் தடை.

2022ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகள் வேறு வகையில் எண்ணுகின்றன. இணையர் இருவரின் வயதையும் கூட்டி, அக்கூட்டலைக் குழந்தையின் வயதோடு அவை பொருத்துகின்றன. இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்குக் கூட்டுவயது 85ஐத் தாண்டக் கூடாது. இரண்டு முதல் நான்கு வயது வரை 90. நான்கு முதல் எட்டு வரை 100. எட்டு முதல் பதினெட்டு வரை 110. தனியராகத் தத்தெடுப்போர்க்கு இவ்வெல்லைகள் முறையே 40, 45, 50, 55. பெற்றோரின் வயது ஏற ஏற அவர்கள் ஏற்கத்தக்க குழந்தையின் வயதும் ஏறுகிறது.

இவ்விருவகை எண்ணுதலும் முன்னர்க் கண்ட இருவகைக் கடனோடு ஒப்பிடத்தக்கவை. முதல்வகைச் சட்டங்கள் பிறப்பை நோக்கியவை. உடல் எவ்வயது வரை என்பது அவற்றின் வினா. தத்தெடுப்பு விதி பிறப்புக்குப் பிந்திய ஆண்டுகளை நோக்கியது. வளர்த்து முடிக்கும்வரை இருப்பாரா என்பது அதன் வினா. அது பிற்பட்ட வயதில் பெற்றோராவதை முற்றாக மறுக்கவில்லை. எந்தக் குழந்தைக்குப் பெற்றோராவது என்பதையே மாற்றுகிறது. அறிவுடைநம்பி கண்ட, நெய்ச்சோற்றைச் சிதறும் குழந்தை ஐம்பதைக் கடந்த இணையருக்கு அவ்வழியில் கிட்டாது. ஆனால் வள்ளுவர் சொன்ன, அவையில் முந்தியிருக்கச் செய்ய வேண்டிய பிள்ளை கிட்டும். பள்ளிக்குச் செல்லும், கேள்வி கேட்கும், தன் பழைய நினைவுகளோடு வரும் ஒரு பிள்ளை அது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். எஞ்சிய ஆண்டுகளின் கணக்கே தகுதி எனின், இளமையில் பெற்று இளமையிலேயே இறப்போரும், இருந்தும் பிள்ளையைப் பேணாதோரும் உண்டல்லவா? கோப்பெருஞ்சோழன் நீண்டநாள் உடனிருந்தும் மக்களோடு முரணினான். இம்மறுப்பு ஏற்கத்தக்கதே. ஆண்டுகளின் எண்ணிக்கை பெற்றோர் நிலையின் தரத்திற்கு உறுதி அளிப்பதில்லை. ஆனால் பிற்பட்ட வயதில் முடிவெடுப்பவர்க்கு அக்கணக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது என்பதே வேறுபாடு. இளையவர் அறியாமல் ஏற்கும் இடரை முதியவர் அறிந்து ஏற்கிறார். அறிந்து ஏற்பதனால் அவர் பொறுப்பு கூடுகிறது. தாம் இல்லாதபோது யார் இருப்பார் என்பதையும் அவர் முடிவின் ஒரு பகுதியாக்க வேண்டியுள்ளது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன.

சங்கப் பாடல்களில் மக்கட்பேறு கடனாகவும் இன்பமாகவும் பேசப்படுகிறது. கடன் எடைபோட இடம் தருவதில்லை. இன்பம் காரணமாக நிற்பதால் இடம் தருகிறது. குறளின் அதிகாரத்தைப் பரிமேலழகர் கடனுக்குள் அடக்கியபோது அவ்விடம் குறுகியது.

கோப்பெருஞ்சோழன் சார்ந்த பாடல்களைத் தொகுத்து நோக்கின், பெற்றோர் நிலை குழந்தைமை, முரண், நிறைவு என்னும் பருவங்களாக விரிகிறது. பொத்தியாரின் பாடல், முன்னோர்க்குப் பட்ட கடனுக்கும் பிள்ளைக்குப் பட்ட கடனுக்கும் இடையிலான பிளவை வெளிப்படுத்துகிறது. நட்பின் சான்றாக மட்டும் அதைப் பயிற்றும்போது இப்பிளவு மறைந்துவிடுகிறது.

மாதொருபாகன், பெறுவதா வேண்டாவா என்னும் முடிவு உரிய இருவரிடையே பேசப்படாமல் பிறரால் எடுக்கப்படும்போது, வேண்டிய குழந்தை வந்தும் வாழ்வு குலைவதைக் காட்டுகிறது. அதன் தொடர்ச்சிகள், பிறப்பு உறுதியானபின்னும் உடனிருப்பு என்னும் வினா எஞ்சுவதை உணர்த்துகின்றன.

இன்றைய சட்டங்களுள் தத்தெடுப்பு ஒழுங்குமுறையே இவ்வினாவை நேராக எதிர்கொள்கிறது. குழந்தையின் வயதையும் பெற்றோரின் வயதையும் ஒன்றோடொன்று வைத்து எண்ணும் அதன் முறை, பொன்முடியாரும் வள்ளுவரும் தந்தைக்கு வகுத்த நீண்ட கடனோடு இயைகிறது.

இவற்றால், பிற்பட்ட வயதில் பெற்றோராக எண்ணும் இணையர் முன் தமிழ் மரபு வைக்கும் வினா ஊர் கேட்கும் வினாவிலிருந்து வேறானது என்பது தெளிவாகும். பிள்ளை இல்லாமல் இறக்கலாமா என்பது நெட்டிமையார் காலத்துப் போர்க்களத்தின் வினா. பிள்ளைக்கு வேண்டும்வரை இருப்போமா, இல்லாவிடில் நம் இடத்தில் யார் இருப்பார் என்பது பொத்தியாரின் மகன் கேட்டிருக்கக்கூடிய வினா. பின்னதற்கு இருவரும் கலந்துபேசி விடை காணும்போதுதான் பேறு தெரிவாகிறது. அவ்விடை ‘வேண்டும்’ என்றோ ‘வேண்டா’ என்றோ அமையலாம். அவர்கள் அதைத் தாமே கண்டடைதல் வேண்டும்.